பச்சைப் பையில் ஒரு சீட்டு

டக்.

பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் விழுந்தது. ஹைஸம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ரீஹாம் திரையையும் இழுத்து விட்டிருப்பாள்.

மணி மூன்றரை. அம்மா வேலை முடிந்து வர ஆறு ஆகும். இரண்டரை மணி நேரம். ஐந்தாவது மாடி. கடல் பக்கமிருந்து மழை சாய்ந்து சாய்ந்து வந்து அவன் சட்டையைத் தேடிப் பிடித்து நனைத்தது. ஒரு காலில்தான் காலுறை இருந்தது. இன்னொன்று கதவுக்கு உள்ளே, அவனை இழுத்துத் தள்ளிய இடத்திலேயே கிடந்தது.

செய்த குற்றம் இதுதான்: அக்காவின் கட்டிலுக்கு அடியில் இருந்த நீலப் பையைத் தொட்டுவிட்டான். அவள் கைப்பந்து ஆடிய காலத்துப் பை. உருண்டு போன பென்சிலை எடுக்கக் கையை நீட்டினான், அவ்வளவுதான்.

"கேப்டன்! ஓ கேப்டன்!"

கீழே மளிகைக் கடை ஃபத்ஹி மாமா, பிளாஸ்டிக் கூரைக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"என்ன, அப்பாவோட கப்பல் தெரியுதா?"

ஹைஸம் வழக்கம் போலக் கையை அசைத்தான். இல்லை.

"இந்த மழையிலயும் பாக்குறான் பாரு, இதுதான்யா பிள்ளை!" என்று மாமா கடைக்கு வந்தவரிடம் சொல்வது மேலே வரைக்கும் கேட்டது.

அப்பா சரக்குக் கப்பலில் மின்சார வேலை பார்த்தார். எட்டு மாதத்துக்கு ஒரு முறை வருவார், அதுவும் விமானத்தில். அவருடைய கப்பல் இந்த ஊர்த் துறைமுகம் பக்கமே தலை வைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் கடலோரத்து அஸாஃப்ராப் பகுதியின் அந்தத் தெரு முழுவதும் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. பத்து வயதுப் பையன் மணிக்கணக்கில் பால்கனியில் நின்று அப்பாவுக்காகக் கடலைப் பார்க்கிறான். மூன்றாம் மாடி புஸைனா அத்தை இதை அம்மாவிடம் சொன்னபோது அம்மா அழுதே விட்டாள். அதற்குப் பிறகு எப்படி மறுத்துச் சொல்வது?

காலடியில் பிரம்புக் கூடையும் கயிறும் இருந்தன. சாமான் வாங்க அதில்தான் சீட்டு எழுதிக் கீழே இறக்குவார்கள். இன்றும் நினைத்தான். ஒரே ஒரு சீட்டு. ஐந்து மாடி தூரம்தான்.

ஆனால் ஃபத்ஹி மாமா எந்தச் சீட்டையும் சத்தமாகத்தான் படிப்பார். அரைக் கிலோ பருப்பு, ஒரு சோப்பு, என் அக்கா என்னை அடிக்கிறாள். கடையே திரும்பிப் பார்க்கும். பள்ளிக்கூட நண்பன் மாஸினிடம் ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பட்டது போதும்.

"ஒரு பொண்ணு கையாலயா அடி வாங்குற?"

அன்றிலிருந்து வகுப்பில் பாதிப் பேர் காலையில் அவனைப் பார்த்ததும் கேட்பது, "இன்னிக்கு அக்கா உயிரோட விட்டுட்டாளா?"

ஐந்தரைக்குத் தாழ்ப்பாள் திறந்தது. ரீஹாம் துண்டை அவன் முகத்தில் எறிந்தாள்.

"தலையைத் துவட்டு. அம்மாகிட்ட வாயைத் திறந்தேன்னு வை, தெரியும்ல?"

"தெரியும்."

"உன்னை மசூதி வாசல்லேர்ந்து தூக்கிட்டு வந்தாங்கடா. அதனாலதான் அப்பா கப்பலை விட்டு இறங்கவே மாட்டேங்குறாரு."

சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் சூடான பருப்புச் சூப்பை ஒரு கிண்ணத்தில் கொண்டு வந்து, எலுமிச்சை பிழிந்து, அவன் முன்னால் வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. இந்தச் சூப்தான் அவனைக் குழப்பியது. முழுக்க முழுக்கக் கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். பதினாறு வயது அக்கா, அம்மாவைவிட நன்றாகச் சூப் வைக்கிறாள்.

குடித்துக்கொண்டே விரல் விட்டு எண்ணினான். திங்கள், செவ்வாய், புதன். வியாழக்கிழமை அம்மா போய்விடுவாள். பத்து நாள். அரையாண்டு விடுமுறை வேறு, பள்ளிக்கூடமும் கிடையாது.

இதுவரை அதிகபட்சம் மூன்று மணி நேரம்தான் வெளியே நின்றிருக்கிறான். பத்து நாளில் எத்தனை மூன்று மணி நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான்.

அம்மாவின் பெயர் நஜ்லா. அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு நர்ஸ். பதினோரு வருடமாக மருத்துவமனைக் குலுக்கலில் உம்ரா என்னும் புனிதப் பயணத்துக்குப் பெயர் கொடுத்து, பதினோராவது வருடம் சீட்டு விழுந்தது. அன்று அம்மா மாடிப்படியில் ஓடி வந்த சத்தத்தை ஹைஸம் மறக்கவே மாட்டான். மூச்சு வாங்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னைக் கூப்பிட்டுட்டாங்கடா கண்ணு! கஃபாவுக்கு என்னைக் கூப்பிட்டுட்டாங்க!" என்று அவனைத் தூக்கிச் சுற்றினாள்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வான்?

சொல்லாமலும் இல்லை. போன மாதம் ஒரு தடவை சொன்னான். அம்மா இரட்டை ஷிஃப்ட் முடித்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"கிள்ளினாளா? நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம ஒருத்தி கிள்ளுவாளா? ரீஹாம்! வா இங்க. போதும், ரெண்டு பேரும் சமாதானமாப் போங்க. ஹைஸம், அக்கா தலையில முத்தம் குடு. பெரியவ அவ."

அந்த வீட்டில் எல்லா வழக்கும் அப்படித்தான் முடியும். அந்தத் தெருவிலேயே அப்படித்தான். சின்னவன் பெரியவர் தலையில் ஒரு முத்தம் வைத்தால் கேஸ் முடிந்தது. அதற்கு மேல் பேசுபவன்தான் கெட்டவன். ஹைஸம் எக்கி, அக்காவின் உச்சந்தலையில் உதட்டை வைத்தான். அம்மா புன்னகைத்தாள். அணைப்பதுபோல் வந்த அக்காவின் கை, அவன் இடது புஜத்தின் உள்பக்கத்தில், சட்டைக் கை மறைக்கும் இடத்தில், மறுபடி கிள்ளியது.

அவன் கத்தவில்லை. அப்போதுதான் சமாதானம் ஆகியிருந்தது. உடனே எப்படிக் கத்துவது?

செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது.

அம்மா உம்ராவுக்குப் போகிற செய்தி பரவியதிலிருந்து வீட்டுக்குச் சீட்டுகள் வந்துகொண்டே இருந்தன. கஃபாவின் முன்னால் நின்று எங்களுக்காகவும் துஆ கேளுங்கள் என்று ஆளாளுக்கு வேண்டுதலை எழுதிக் கொடுத்தார்கள். மகளுக்கு மாப்பிள்ளை, கணவனின் முழங்கால், பேரனின் பரீட்சை. ஃபத்ஹி மாமாகூட ரொட்டியோடு சேர்த்து ஒரு சீட்டைக் கூடையில் போட்டு அனுப்பினார். எல்லாவற்றையும் அம்மா ஒரு பச்சைத் துணிப்பையில் சேர்த்தாள்.

சீட்டு! யாரும் சத்தமாகப் படிக்க மாட்டார்கள். அம்மா மட்டும்தான் படிப்பாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டு எழுதினான். நான்கைக் கிழித்தான். ஐந்தாவதை நான்காக மடித்து, அம்மா தொழுதுகொண்டிருந்தபோது பச்சைப் பைக்குள் நழுவ விட்டான். அன்று ராத்திரி பல நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான்.

புதன்கிழமை முழுக்க அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சுற்றினான். படித்துவிட்டாளா? இல்லையா? சாயங்காலம் புஸைனா அத்தை வந்து உட்கார்ந்து, தன் மருமகள் எழுதிய சீட்டைப் பையில் போட்டுவிட்டு, அம்மாவின் காதருகே குனிந்தாள்.

"ஏன் நஜ்லா, யார் யார் என்னென்ன கேட்டிருக்காங்க? ஒண்ணு ரெண்டு சொல்லேன். நாலாம் மாடிக்காரி என்ன எழுதியிருக்கா?"

"போக்கா! நான் ஒண்ணையும் பிரிக்கல. பிரிக்கவும் மாட்டேன். அங்க போய், கஃபாவுக்கு முன்னால நின்னுதான் பிரிப்பேன். அவங்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவுல உள்ளது."

ஹைஸமின் கையிலிருந்த தம்ளர் சாய்ந்து தேநீர் தரையில் ஓடியது.

வியாழக்கிழமை மதியம் வீடு நிரம்பி வழிந்தது. புஸைனா அத்தை குலவை இட்டாள். மாடிப்படியில் நின்றவர்கள் பதில் குலவை இட்டார்கள். அம்மா வெள்ளை உடையில், வெள்ளைத் தலைத்துணியில், கல்யாணப் பெண்போல இருந்தாள். கீழே டாக்சியில் அம்மாவோடு பயணம் போகும் ஸனா அக்கா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார்.

அம்மா வீட்டுச் சாவியை எடுத்து ரீஹாமின் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"பத்து நாளைக்கு நீதான் இந்த வீட்டுக்கு அம்மா."

"குட்டி அம்மா!" என்றாள் புஸைனா அத்தை. "இந்த வயசுல எந்தப் பொண்ணு இப்படிப் பொறுப்பா இருக்கா? கேப்டன், நீ குடுத்து வெச்சவன்டா."

ரீஹாம் சிரித்தாள். சாவியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

மறுபடி ஹாரன்.

"வாங்க, ரெண்டு பேரும் இப்படி வாங்க. நான் கிளம்புறதுக்கு முன்னால உங்க மனசுல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஹைஸம், அக்கா தலையில முத்தம் குடு."

எல்லோரும் பார்த்தார்கள். ரீஹாம் தலையைக் குனிந்து காட்டினாள். கூந்தலில் ஷாம்பு வாசனை. இரண்டு கைகளும் அவனை அணைக்கத் தயாராக விரிந்திருந்தன. இடது புஜம் தானாகவே விலாவோடு ஒட்டிக்கொண்டது.

"மாட்டேன்."

குலவை நின்றது.

"என்னடா சொன்ன?"

"மாட்டேன்ம்மா."

"ஹைஸம், டாக்சி நிக்குது. நாலு பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்தாத."

"ஆம்பளப் பயலுக்கு ரோஷம்!" என்று யாரோ சிரித்தார்கள்.

"ஒரு முத்தம்தானடா, காசா பணமா?" என்றாள் புஸைனா அத்தை.

சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சுக்குள் குவிந்து, ஒன்றுகூட வெளியே வரவில்லை. எதிரே அம்மாவின் தோளில் பச்சைப் பை தொங்கியது.

"என் சீட்டைப் படிம்மா."

"எந்தச் சீட்டு?"

"பைக்குள்ள இருக்கு. கணக்கு நோட்டுத் தாள். கட்டம் போட்டது."

அம்மாவின் முகம் இளகியது. "நீயும் எழுதினியா கண்ணு? அங்க போய்ப் படிக்கிறேன். முதல்ல உன்னோடதைத்தான் படிப்பேன், சத்தியமா."

"அங்க படிச்சா லேட் ஆயிடும்மா."

நஜ்லா மகனைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ரீஹாமின் தலை இன்னும் குனிந்தேதான் இருந்தது. ஆனால் விரிந்திருந்த கைகள் இப்போது மடங்கியிருந்தன.

"அம்மா, நேரம் ஆகுது," என்றாள் ரீஹாம். "இவன் சும்மா நீ போகக் கூடாதுன்னு நடிக்கிறான்."

அம்மா பையின் கயிற்றை அவிழ்த்தாள்.

கட்டம் போட்ட தாளில் பென்சில் எழுத்து.

'ஆண்டவனுக்கு, ஐந்தாம் மாடி ஹைஸம் எழுதுவது. அம்மா ஊரில் இல்லாத பத்து நாளும் மழை பெய்யக் கூடாது. பெய்தாலும் அக்கா என்னைப் பால்கனியில் வைத்துப் பூட்டும்போது நின்றுவிட வேண்டும். கிள்ளும்போது இடது கையை விட்டுவிட வேண்டும், அதில் இனி இடம் இல்லை. அக்காவைத் தண்டிக்க வேண்டாம். அவளைக் கைப்பந்துக்குத் திரும்ப அனுப்பினால் போதும். பெண் கையால் அடி வாங்குகிறேன் என்று அப்பாவுக்குத் தெரியக் கூடாது.'

அம்மா ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். பிறகு மண்டியிட்டு, மகனின் இடது சட்டைக் கையைத் தோள் வரைக்கும் மடக்கினாள்.

மஞ்சள், பச்சை, நாவல்பழ நிறம். ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரே நாளில் விழுந்த தடங்கள் அல்ல என்று அவசரப் பிரிவு நர்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படிக் கையோடு வரும் பிள்ளைகளின் தாய்மாரில் வாரத்தில் இரண்டு பேரையாவது அவள் பார்க்கிறாள். "விழுந்துட்டான் சிஸ்டர்" என்பார்கள். "யாரோட இருந்தான்?" என்று அவள் விடாமல் கேட்பாள். ஊரார் பிள்ளைகளுக்காகக் கேட்ட கேள்வியைத் தன் வீட்டில் கேட்கவே இல்லை.

"அம்மா, விளையாட்டுக்குத்தான்…" என்று ஆரம்பித்தாள் ரீஹாம்.

"நஜ்லா, என்ன இது?" புஸைனா அத்தை எட்டிப் பார்த்தாள். "அட, கூடப் பொறந்ததுங்க அடிச்சுக்காம யார் அடிச்சுக்குவா? இதுக்காகவா நிக்குற? என் அண்ணன் என்னை அடிக்காத அடியா? இதோ பாரு, நெத்தியில. கதவுல மோத விட்டான். என்ன, செத்தா போயிட்டேன்?" என்று தழும்பைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

"உங்க அண்ணன் இப்ப எங்கக்கா இருக்காரு?"

"எங்கயோ… யாருக்குத் தெரியும்? பேசி இருபது வருஷம்…"

சிரிப்பு பாதியில் நின்றது. விரல் மட்டும் நெற்றியிலேயே இருந்தது.

கீழே ஹாரன் நீளமாக அடித்தது. ரீஹாம் சட்டென்று நகர்ந்து வந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. "சரி, நான் குடுக்குறேன். நான் அவன் தலையில முத்தம் குடுக்குறேன். முடிஞ்சுது, போதுமா? நீ கிளம்பும்மா."

குனிந்தாள். அம்மாவின் கை நடுவில் வந்து தடுத்தது.

"வேணாம். இந்த வீட்ல இனிமே முத்தத்தை வெச்சு எதையும் மூட வேணாம்."

"பின்ன என்ன செய்யணும்ங்குற?" ரீஹாமின் குரல் உடைந்து சீறியது. "நான் கேட்டேனா இவனை? நான் உன் மகளா, இவனுக்கு அம்மாவா? செப்டம்பர்ல டீம்லேர்ந்து என்னை நிறுத்தின. ஒரு வார்த்தை கேட்டியா? ஸ்கூல் விட்டா இவன், லீவு விட்டா இவன், சமையல், துணி, இவன்! கிளப் தாண்டிப் போகும்போது பந்து சத்தம் கேக்கும், நான் காதைப் பொத்திக்கிட்டு வருவேன். அதெல்லாம் எந்தச் சீட்டுல எழுதுறது?"

மாடிப்படியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. புஸைனா அத்தையும் போய்விட்டாள்.

நஜ்லா மகளின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"இதை உன் கையில குடுத்தது என் தப்பு. ஒத்துக்குறேன். அதுக்கு நான்தான் பதில் சொல்லணும். ஆனா தாழ்ப்பாள் போட்டது உன் கை ரீஹாம். அது உன் தப்பு. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத."

ரீஹாம் தன் அறைக்குள் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

அம்மா பச்சைப் பையின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள்போல மறுபடி அவிழ்த்தாள். மேஜையிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, நின்றபடியே இரண்டு வரி எழுதி, மடித்து உள்ளே போட்டாள். என்ன எழுதினாள் என்று ஹைஸம் பார்க்கவில்லை. அவனுடைய கட்டம் போட்ட தாளை மட்டும் தன் உடையின் பையில் வைத்துக்கொண்டாள்.

பால்கனிக்குப் போய்ப் பையைப் பிரம்புக் கூடையில் வைத்தாள். கயிறு அவள் கையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. வெள்ளை உடை காற்றில் படபடத்தது.

"ஸனா! இதை எடுத்துட்டுப் போ! எல்லாருக்காகவும் துஆ கேளு!"

"என்னடி உளறுற? இறங்கி வா! பதினோரு வருஷம்டி!"

"நீ போ!"

டாக்சி கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கிளம்பிவிட்டது. தெருமுனையில் திரும்பி மறையும்வரை அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. ஹைஸமுக்கு அது அழுததைவிட மோசமாக இருந்தது. பதினோரு வருடத்தை ஒரு கணக்கு நோட்டுத் தாளால் கிழித்துப் போட்டது அவன்தான்.

"அம்மா, என்னாலதானே?"

"இல்ல. நான் ஒரு மாசத்துக்கு முன்னாடியே கேட்டிருந்தா இன்னிக்குப் போயிருப்பேன். தப்பு பண்ணினது யாருன்னு நீ தேட வேணாம், அது பெரியவங்க வேலை."

அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. வலிக்கும் என்று பயந்ததுபோல, வலது தோளை மட்டும் தொட்டாள். பிறகு அடுப்பங்கரைக் கத்தியை எடுத்து வந்து பால்கனித் தாழ்ப்பாளின் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். கழற்றிக்கொண்டே, அறைக்குள் இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். இனி அவர்கள் இருவரும் தனியாக இந்த வீட்டில் இருக்கப் போவதில்லை. ஷிஃப்ட்டை மாற்றச் சொல்வாள். மாற்றவில்லையென்றால் பையன் அவளோடு மருத்துவமனைக்கு வருவான். அங்கே பிள்ளைகளுக்கான மனநல டாக்டர் ஒருத்தி இருக்கிறாள், சனிக்கிழமை இரண்டு பேரையும் பார்ப்பாள். தனித்தனியாக. கைப்பந்து பற்றி அம்மாவே கிளப்பில் கேட்பாள், ஆனால் அது இதற்குப் பரிசு இல்லை. இன்றைக்கே அப்பாவிடமும் சொல்வாள்.

"அப்பாகிட்ட வேணாம்மா!"

"சொல்லணும். உனக்கு இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல."

அறையிலிருந்து நீலப் பையின் ஜிப் திறந்து மூடும் ஒலி மட்டும் கேட்டது. மறுபடி திறந்து, மறுபடி மூடியது.

மூன்று பேர். மூன்று இடம். அத்தனை கூட்டம் நின்றுவிட்டுப் போன வீட்டில் காலித் தேநீர்த் தம்ளர்கள் எங்கும் கிடந்தன. யாரும் எடுக்கவில்லை.

ஹைஸம் பால்கனிக்குப் போனான். யாரும் தள்ளவில்லை, கால் தானாகப் போனது, அவ்வளவுதான். வெறுங்கூடை கீழே கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல மேலே இழுத்தான்.

"கேப்டன்!" ஃபத்ஹி மாமா வழக்கம்போலத் தலையை நீட்டினார். "அம்மா போகலையா? சரி சரி. என்ன, கப்பல் தெரியுதா?"

கையை அசைக்கப் போனவன் நிறுத்தினான்.

"நான் கப்பல் பாக்கல மாமா!"

"என்ன? கேக்கல!"

"கப்பல் பாக்கல! எப்பவும் பாக்கல! கதவு பூட்டியிருந்துச்சு, அதான் நின்னேன்!"

தெருவில் இரண்டு பேர் அண்ணாந்து பார்த்தார்கள். மாமா பிளாஸ்டிக் கூரைக்கு வெளியே முழுதாக வந்தார். பிறகு தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மேலேயே பார்த்தபடி நின்றார். சிரிப்பார் என்று ஹைஸம் காத்திருந்தான். அவர் சிரிக்கவில்லை.

பின்னால் கதவு காற்றில் ஆடி ஆடித் தட்டிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். இனி யாராலும் பூட்ட முடியாது. அவனுக்கும் அது தெரியும்.

இருந்தாலும் ஒரு செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் கடலைப் பார்த்தான்.